பேச்சு ஒரு அறையில், கணக்கு இன்னொரு அறையில்: பெர்க்லி கால்குலஸ் வகுப்பு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

நன்றாகப் பேசத் தெரிந்த மாணவன் நன்றாகப் படிப்பான் என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். கல்லூரிகளில் தகவல் தொடர்புத் திறன் என்ற பெயரில் அதற்கென்றே ஒரு லேப், வரிசையாக ஹெட்போன், வாரத்தில் ஒரு பீரியட். அந்தத் திறன் எது என்று கேட்டால், இங்கிலீஷில் திக்காமல் பேசுவது, மேடையில் நடுங்காமல் நிற்பது, இன்டர்வியூவில் கண்ணைப் பார்த்துப் பதில் சொல்வது என்று பதில் வரும். முதலாண்டுப் பொறியியல் மாணவர்களுக்குக் கணக்கு எடுத்த ஆண்டுகளில் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 1970களில் அமெரிக்காவின் பெர்க்லியில் நடந்த ஒரு விஷயத்தைப் படித்த பிறகு அந்த எண்ணம் கலைந்துபோனது.

கணிதக் கல்வி வட்டாரத்தில் இது பிரபலமான கதை. "குழுவாகப் படித்தால் ஜெயிக்கலாம்" என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வரியில் கதையின் முக்கால்வாசி காணாமல் போகிறது. அதனால் கொஞ்சம் மெதுவாகவே பார்க்கலாம்.

நடந்தது

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பொறியியலோ மருத்துவமோ இயற்பியலோ, எந்தப் பக்கம் போக நினைத்தாலும் முதலாண்டு கால்குலஸை, அதாவது நுண்கணிதத்தை, தாண்டித்தான் போகவேண்டும். 1978க்கு முந்தைய பத்தாண்டுகளில் அங்கே முதல் பருவ கால்குலஸை எழுதி முடித்த கறுப்பின மாணவர்களில் 60 சதவீதம் பேர் வாங்கியது டி அல்லது எஃப். எஃப் என்றால் தோல்வி. டி என்பது பேருக்குத் தேர்ச்சி. அதை வைத்துக்கொண்டு அடுத்த கணக்குப் பாடத்துக்குப் போவது பெரும்பாடு.

யூரி டிரைஸ்மன் அப்போது அங்கே ஆராய்ச்சி மாணவர். பாடம் நடத்தும் உதவியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையும் அவருக்கு இருந்தது. வகுப்பில் யார் நன்றாகச் செய்கிறார்கள், யார் திணறுகிறார்கள் என்று அந்த உதவியாளர்களிடம் விசாரித்தபோது, நன்றாகச் செய்பவர்களில் சீன வம்சாவளி மாணவர்கள் அதிகமாகவும், திணறுபவர்களில் கறுப்பின மாணவர்கள் அதிகமாகவும் இருந்தார்கள். காரணம் என்னவாக இருக்கும் என்று ஆசிரியர்களிடம் கேட்டார். நான்கு பதில்கள் திரும்பத் திரும்ப வந்தன: ஊக்கம் போதவில்லை, பள்ளியில் அடித்தளம் சரியில்லை, வீட்டில் படிப்புக்கு ஆதரவு இல்லை, வறுமை. இந்த நான்கும் நமக்கும் பழக்கமானவைதான். ஊர்ப்பெயரை மாற்றினால் எந்த ஸ்டாஃப் ரூமிலும் கேட்கலாம்.

டிரைஸ்மன் 20 கறுப்பின மாணவர்களையும் 20 சீன வம்சாவளி மாணவர்களையும் எடுத்துக்கொண்டார். முதலில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டுப் பார்த்தார். உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை. எப்படிப் படிக்கிறாய் என்று கேட்டால் யார்தான் சரியாகச் சொல்லிவிட முடியும்? அப்புறம் அவர்கள் கூடவே போய் இருந்தார். அறைக்கு, நூலகத்துக்கு, வீட்டுக்கு. அவர்கள் படிப்பதை வீடியோவிலும் பிடித்தார். இப்படியே 18 மாதங்கள்.

நான்கு காரணங்களும் ஒவ்வொன்றாக விழுந்தன. ஊக்கத்துக்குக் குறைவே இல்லை. பெர்க்லிக்கு யாரும் வழிதவறி வந்து சேர்ந்துவிடவில்லை. பல வீடுகளில் பிள்ளை கல்லூரிக்குப் போகவேண்டும் என்று பெற்றோர் வெகுநாள் முன்பே முடிவு செய்திருந்தார்கள். வருமானத்தை வைத்தும் யார் ஜெயிப்பார்கள், யார் தோற்பார்கள் என்று பிரிக்க முடியவில்லை. அடித்தளம் என்ற காரணம் விழுந்த விதம்தான் வேடிக்கை. நுழைவுத் தேர்வில் அதிக மதிப்பெண் வாங்கியிருந்த கறுப்பின மாணவர்கள் பலர் ஆரம்பத்திலேயே தடுக்கி விழுந்தார்கள். தப்பிப் பிழைத்த சிலர் நடுத்தர மதிப்பெண்காரர்கள்.

இரண்டு மேசைகள்

கறுப்பின மாணவர்கள் வகுப்புக்குத் தவறாமல் வந்தார்கள். வீட்டுப்பாடத்தை நேரத்துக்குக் கொடுத்தார்கள். ஒரு மணி நேர வகுப்புக்கு இரண்டு மணி நேரம் படிக்கவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கணக்குப் பார்த்து வாரத்துக்கு எட்டு மணி நேரம் உட்கார்ந்தார்கள். ஆனால் தனியாக. 20 பேரில் 18 பேர் வகுப்பு நண்பர்களோடு சேர்ந்து படித்ததே இல்லை. தேர்வு முடிந்து நன்றாக எழுதியிருக்கிறோம் என்ற நினைப்பில் இருப்பார்கள். மதிப்பெண் வரும்போது இடி விழுந்த மாதிரி இருக்கும். மற்றவர்கள் எவ்வளவு படிக்கிறார்கள், எந்தக் கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள் என்று எதுவும் தெரியாததால், தவறு தன்னிடம்தான் என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

சீன வம்சாவளி மாணவர்கள் வாரத்துக்குச் சுமார் 14 மணி நேரம் செலவிட்டார்கள். அதில் எட்டிலிருந்து பத்து மணி நேரம் அவர்களும் தனியாகத்தான் படித்தார்கள். மீதி நேரம் சாயங்காலங்களில். கூடிச் சமைப்பார்கள், சாப்பிடுவார்கள், வீட்டுப்பாடத்தை எடுத்து வைத்துக்கொண்டு விடைகளை ஒப்பிடுவார்கள். ஒருவர் எழுதியதில் இருந்த இங்கிலீஷைக்கூட இன்னொருவர் திருத்துவார். ஒருத்தனுக்கு விடை பை (π) என்று வந்து மற்ற எல்லாருக்கும் 82 என்று வந்திருந்தால், அவன் எங்கோ சறுக்கியிருக்கிறான் என்று அங்கேயே தெரிந்துவிடும். ஆளுக்கொரு விடை வந்திருந்தால், கணக்கே வில்லங்கமானது, பேராசிரியர் வேண்டுமென்றே வைத்தது என்று புரிந்துகொள்வார்கள். அண்ணனோ ஒன்றுவிட்ட சகோதரனோ வந்து கேள்வி கேட்டுப் பார்ப்பதும் உண்டு. பழைய தேர்வுத்தாள்களை எடுத்துப் போட்டுப் பார்ப்பார்கள். நேற்று எத்தனை மணி வரை விழித்திருந்தாய் என்று விசாரிப்பார்கள். வகுப்பில் தான் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று ஒவ்வொருவருக்கும் துல்லியமாகத் தெரியும்.

இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தனியாகப் படித்த நேரம் இரண்டு தரப்பிலும் ஏறக்குறைய ஒன்றுதான். 14க்கும் 8க்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி பேசிக் கழித்த நேரம். சாப்பிட்டுக்கொண்டே பேசிய நேரம் என்பதால் அது படிப்பாகவே தோன்றியிருக்காது. தோன்றியிருந்தால் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பார்களா என்பதே சந்தேகம்.

இனி, அந்த ஒரு வரிக் கதையில் காணாமல் போகிறது என்று நான் சொன்ன விஷயம். கறுப்பின மாணவர்களுக்குப் பேசத் தெரியாதா? அவர்களில் பலர் பள்ளியில் முதலிடம் வாங்கியவர்கள், தேவாலய இளைஞர் குழுக்களுக்குத் தலைவர்களாக இருந்தவர்கள், ஊர் பெருமையாகச் சொல்லிக்கொண்ட பிள்ளைகள். மேடைப் பேச்சு, தலைமை, கூட்டத்தைக் கட்டிப்போடுவது என்று நாம் பட்டியல் போடும் எல்லாம் அவர்களிடம் இருந்தது. இங்கிலீஷ் அவர்கள் தாய்மொழி. எதிர்த்தரப்பில்தான் ஒருவர் இங்கிலீஷை இன்னொருவர் திருத்தவேண்டியிருந்தது. பேச்சுத்திறனை நாம் அளக்கும் எந்த அளவுகோலை வைத்துப் பார்த்தாலும் தோற்றவர்கள் கை மேலோங்கியிருந்திருக்கும்.

அவர்களுடைய பேச்சு ஒரு அறையிலும் கணக்கு இன்னொரு அறையிலும் இருந்தது. நண்பர்கள் ஒரு பக்கம், படிப்பு ஒரு பக்கம் என்று பிரித்து வைத்திருந்தார்கள். அதற்கு ஒரு நியாயமும் இருந்தது. படிப்பை மதிக்காத சகாக்களுக்கு நடுவே, கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் படித்ததால்தான் பெர்க்லி வரை வந்தார்கள். பள்ளியில் காப்பாற்றிய பழக்கம் கல்லூரியில் காலை வாரிவிட்டது. யாரையும் நம்பாமல் தானே படித்து முன்னுக்கு வந்த பிள்ளை என்று நாம் கொண்டாடும் குணம் இது. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலரிடம் நானும் இதைப் பார்த்திருக்கிறேன். சந்தேகம் இருந்தாலும் வாயைத் திறக்கமாட்டார்கள். கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்ற பயம்.

பயிலரங்கு

1978ல் கணிதப் பயிலரங்கு ஒன்று தொடங்கியது. வழக்கமான வகுப்போடு கூடுதலாக, மாணவர்கள் சிறு குழுக்களாக உட்கார்ந்து கணக்குப் போடும் ஏற்பாடு. இதன் நுட்பம் இரண்டு இடங்களில் இருக்கிறது. முதலாவது, இதைப் பின்தங்கியவர்களுக்கான சிறப்பு வகுப்பு என்று யாரும் அழைக்கவில்லை. சிறந்த மாணவர்களுக்கான திட்டம் என்றே அழைத்தார்கள். துணைப் பயிற்சி என்ற பெயரில் ஏற்கெனவே இருந்தவற்றின் பக்கம் அந்த மாணவர்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பள்ளியில் முதலிடம் வாங்கியவனைக் கூப்பிட்டு, நீ வீக், ஸ்பெஷல் கிளாஸுக்கு வா என்றால் வருவானா?

இரண்டாவது, கொடுத்த கணக்குகள் கடினமானவை. இதுதான் உயிர்நாடி என்று நினைக்கிறேன். எளிய கணக்கைக் கொடுத்து நான்கு பேரைச் சேர்த்து உட்கார வைத்தால் ஒருவர் போடுவார், மூன்று பேர் பார்த்து எழுதுவார்கள். பேச எதுவும் இருக்காது. யாருக்கும் முழுசாகத் தெரியாத கணக்காக இருந்தால்தான், எனக்கு இதுவரை புரிகிறது, இதற்கு மேல் தெரியவில்லை என்று சொல்லவேண்டிய கட்டாயம் வரும். மற்றவர் முன்னால் அப்படி ஒத்துக்கொள்ள இடம் கொடுத்ததுதான் பயிலரங்கு செய்த பெரிய வேலை.

பலன் கண்ணுக்குத் தெரிந்தது. நுழைவுத் தேர்வின் கணிதப் பகுதிக்கு மொத்தம் 800. அதில் 600ஐ ஒட்டி வாங்கியிருந்த பயிலரங்குக் கறுப்பின மாணவர்கள், 750ஐ ஒட்டி வாங்கியிருந்த வெள்ளை, ஆசிய மாணவர்களுக்கு இணையாக கால்குலஸில் செய்தார்கள். பயிலரங்கில் சேராதவர்களைவிட இவர்கள் வெகுவாக முன்னே இருந்தார்கள். அந்த ஆரம்பகால மாணவர்களில் பலர் பிற்பாடு மருத்துவர்களாகவும் விஞ்ஞானிகளாகவும் பொறியாளர்களாகவும் ஆனார்கள். டிரைஸ்மன் இதை 1985ல் முனைவர் பட்ட ஆய்வாக எழுதினார். 1992ல் கட்டுரையாக வந்தபோது பரவலாகப் படிக்கப்பட்டது. 1988ல் டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் இதே அமைப்பு வேறு பெயரில் தொடங்கியது.

குறை சொல்ல இடம் இருக்கிறதா என்றால் இருக்கிறது. சேர விரும்பியவர்கள்தான் சேர்ந்தார்கள். அவர்கள் எப்படியும் நன்றாகச் செய்திருப்பார்களோ என்னவோ. கூடுதல் நேரம், கடினமான கணக்கு, சேர்ந்து பேசுவது மூன்றும் ஒன்றாக வந்ததால், எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்லவும் முடியாது. நாற்பது பேரை வைத்து உலகத்துக்கே விதி எழுத முடியாதுதான். அதனால் வேறு இடத்தில் வேறு விதமாகக் கிடைத்த சான்று ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

ஹார்வர்டில் ஒரு லாரியும் ஒரு காரும்

எரிக் மஸூர் ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர். 1984ல் பாடம் நடத்தத் தொடங்கியவர். மாணவர்கள் கொடுக்கும் மதிப்பீட்டில் நல்ல பெயர், கடினமான கணக்குகளையும் அவர்கள் போட்டுவிடுகிறார்கள். எல்லாம் சரியாகப் போகிறது என்றுதான் நினைத்திருந்தார். அப்புறம் ஒருநாள், சூத்திரமே இல்லாமல் சாதாரணச் சொற்களில் கேட்கும் ஒரு கருத்துத் தேர்வை வைத்துப் பார்த்தார். கனமான லாரியும் சின்னக் காரும் மோதிக்கொள்கின்றன. எது எதன் மீது அதிக விசை செலுத்துகிறது என்பது போன்ற கேள்விகள். இரண்டும் சமம், நியூட்டனின் மூன்றாம் விதி. அந்த விதியை ஒப்பிக்கத் தெரியாத மாணவரே ஹார்வர்டில் இருக்கமாட்டார். ஆனாலும் பலர் லாரி என்று எழுதினார்கள். ஒரு மாணவி எழுந்து, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவேண்டுமா, நான் நினைக்கிறபடி எழுதவேண்டுமா என்று கேட்டாராம். இதைவிடப் பெரிய அடி ஒரு ஆசிரியருக்கு விழ முடியாது.

மஸூர் ஒருமுறை விளக்கினார், புரியவில்லை. இரண்டாம் முறை விளக்கினார், இன்னும் குழம்பியது. வேறு வழி தெரியாமல், பக்கத்தில் இருப்பவரோடு பேசிப் பாருங்கள் என்றார். அரங்கமே இரைந்தது. சில நிமிடங்களில் பலருக்கும் விடை பிடிபட்டது. அவர் பின்னால் சொன்ன காரணம் எளிமையானது. முந்தாநாள் புரிந்துகொண்டவனுக்கு, எங்கே இடறினோம் என்று இன்னும் நினைவிருக்கும். இருபது வருடம் முன்பு புரிந்துகொண்ட பேராசிரியருக்கு அது மறந்துபோயிருக்கும்.

1991லிருந்து இதையே அவர் முறையாக்கினார். கேள்வி, தனியாக யோசித்து ஒரு விடை, அப்புறம் வேறு விடை சொன்னவரோடு பேச்சு, மறுபடி விடை. தனியாக யோசிக்கும் அந்த முதல் நிமிடத்தை விட்டுவிட்டால் மீதி வெறும் அரட்டை. பெர்க்லியிலும் எட்டுப் பத்து மணி நேரத் தனிப்படிப்பு முடிந்த பிறகுதான் சாப்பாட்டு மேசை என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். மாணவன் தெரிந்துகொள்ள இருந்த தூரத்தில் எவ்வளவைக் கடந்தான் என்று பார்க்கும் அளவு ஒன்று உண்டு. அந்த அளவு மஸூர் வகுப்பில் 1990ல் கால் பங்காக இருந்தது, 1991ல் கிட்டத்தட்ட அரைப் பங்கானது. 1998ல் அமெரிக்க இயற்பியலாளர் ரிச்சர்ட் ஹேக் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் முடிவுகளைத் திரட்டிப் பார்த்தபோதும் ஏறக்குறைய இதே விகிதம்தான் வந்தது: விரிவுரை மட்டும் கேட்டவர்களுக்கு 0.23, பேசியும் செய்தும் கற்றவர்களுக்கு 0.48.

கெட்டிக்காரன் சொன்னதை மற்றவன் காப்பியடிப்பதுதானே என்று கேட்கலாம். நானும் கேட்டேன். 2009ல் கொலராடோ பல்கலைக்கழகத்தின் மரபியல் வகுப்பில் இதைச் சோதித்தார்கள். ஒரு கேள்வியைப் பேச விட்டபின், அதே கருத்தை வேறு வடிவில் கேட்கும் இரண்டாவது கேள்வியைத் தனியாக எழுதச் சொன்னார்கள். குழுவில் ஒருவருக்குக்கூட முதலில் சரியான விடை தெரியாமல் இருந்த இடங்களிலும் இரண்டாவது கேள்வியில் முன்னேற்றம் இருந்தது. காப்பியடிக்க அங்கே ஆளே இல்லை. தெரியாத நான்கு பேர் பேசியே ஒரு வழியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

நம் இலக்கணக்காரருக்கு இது புதுச் செய்தியாக இருந்திருக்காது. 13ஆம் நூற்றாண்டு நன்னூலின் பாயிரத்தில் பவணந்தி பங்கு பிரித்தே வைத்திருக்கிறார்: ஆசிரியர் சொல்வதை நன்றாகக் கேட்டால் கால் பங்கு, உடன் படிப்பவர்களோடு பழகினால் இன்னொரு கால், பிறருக்கு எடுத்து உரைத்தால் மீதி அரை. அளந்து பார்த்துச் சொன்னதல்ல என்றாலும், பாதிப் பங்கைப் பேச்சுக்கு ஒதுக்கிய துணிச்சல் எனக்குப் பிடிக்கிறது. அதைப் பாடமாக வைத்து மனப்பாடம் செய்யச் சொன்னதும் நாம்தான்.

ஒரு இடைஞ்சல் உண்டு. 2019ல் ஹார்வர்டிலேயே வந்த ஒரு ஆய்வில், பேசிக் கற்ற மாணவர்கள் தேர்வில் அதிகம் வாங்கினார்கள். ஆனால் தாங்கள் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். தெளிவான விரிவுரையைக் கேட்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். வாயைத் திறந்து சொல்லிப் பார்த்தால் ஓட்டைகள் தெரியும், எரிச்சல் வரும். "புரிஞ்சுதா?" என்றதும் வகுப்பே சேர்ந்து "புரிஞ்சுது சார்" என்று சொல்லுமே, அந்தக் கோரஸில் பொய் எதுவும் இல்லை. அந்த நிமிடத்தில் அவர்களுக்கு நிஜமாகவே அப்படித்தான் இருக்கிறது.

என் வகுப்பில்

மாடுலஸ் எக்ஸ் (எக்ஸின் மைனஸ் குறியை விட்டுவிட்ட மதிப்பு) என்ற சார்புக்கு பூஜ்யத்தில் வகைக்கெழு, அதாவது அந்த இடத்தில் கோட்டின் சாய்வு, என்ன என்று ஒருநாள் கேட்டேன். தனியாக எழுதுங்கள், அப்புறம் வேறு விடை எழுதியவரோடு பேசுங்கள் என்றேன். நன்றாகப் படிக்கும் ஒரு பையன் பூஜ்யம் என்று எழுதியிருந்தான். காரணமும் சொன்னான்: அங்கே சார்பின் மதிப்பு மிகக் குறைவு, மிகக் குறைந்த இடத்தில் வகைக்கெழு பூஜ்யம். பன்னிரண்டாம் வகுப்பில் படித்ததுதான்.

பக்கத்து வரிசைப் பெண் தமிழ் வழியில் படித்து வந்தவள். அந்தப் பருவம் முழுக்க என் வகுப்பில் அவள் குரலை நான் கேட்டதில்லை. தகவல் தொடர்புத் திறன் லேபில் அவளுக்கு மதிப்பெண் மிகக் குறைவு என்று பிறகு தெரிந்தது. அவள் நோட்டில் வி மாதிரி ஒரு கோடு போட்டுக்கொண்டு சொன்னாள்: "இந்தப் பக்கம் இறங்குது, அந்தப் பக்கம் ஏறுது. முனையில நின்னா எந்தப் பக்கம்னு சொல்லுவ?" பையன், சூத்திரம் பொய்யா என்றான். "சூத்திரம் வழுவழுன்னு வளையறதுக்குத்தான். இது முனை." இடப்பக்கச் சாய்வு மைனஸ் 1, வலப்பக்கம் பிளஸ் 1, இரண்டும் சேரவில்லை, அதனால் வகைக்கெழு இல்லை என்பதைத்தான் அவள் சொன்னாள். அந்தச் சூத்திரத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு என்று நான் போர்டில் எழுதியிருந்தேன், அடிக்கோடுகூடப் போட்டிருந்தேன். அவனுக்கு அது போய்ச் சேர்ந்தது அன்றைக்குத்தான்.

தமிழில் பேசியதால்தான் நடந்தது என்று சொல்ல வரவில்லை. ஆனால் இங்கிலீஷில்தான் பேசவேண்டும் என்று சொல்லியிருந்தால் நடந்திருக்காது. தேர்வு இங்கிலீஷில், எழுதவும் பழகவேண்டும், மறுக்கவில்லை. பெர்க்லியில்கூட விடையைப் பேசித் தீர்த்துவிட்டு எழுத்தைத் திருத்தினார்கள். யோசிப்பதையும் மொழியைச் சரிபார்ப்பதையும் ஒரே மூச்சில் செய்யச் சொல்லும்போதுதான் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

வீடுகளில் கம்பைன் ஸ்டடி என்ற சொல்லுக்கு இருக்கும் பெயர் எல்லாருக்கும் தெரியும். சினிமா போவதற்கு வேறு பெயர் என்றுதான் பெற்றோர் எடுத்துக்கொள்கிறார்கள். பாதி நேரம் அது உண்மையும்கூட. வகுப்பிலோ பெஞ்சுகள் கரும்பலகையைப் பார்த்தே நிற்கின்றன, நகர்த்த முடியாது. முன் வரிசைக்காரர்கள் கழுத்தைத் திருப்பித்தான் பேசவேண்டும். மாடுலஸ் எக்ஸ் நாளன்று ஐந்து நிமிடத்தில் சத்தம் வராந்தாவரை போய், பக்கத்து வகுப்பு ஆசிரியர் கதவில் வந்து நின்றார். வகுப்பில் ஆசிரியர் இல்லை என்று நினைத்தாராம். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அடுத்த முறை கொஞ்சம் மெதுவாக என்று சொல்லிவிட்டுப் போனார். மெதுவாகச் சண்டை போடுவது எப்படி என்று பையன்கள் என்னைக் கேட்டார்கள்.